சம்மாந்துறைக்குப் போய்த் தின்ற மீன்

நம் வயதுக்காரர்கள் ஒன்றாக இருந்தால் சுனாமியைப் பற்றிக் கதைக்காமல் எழும்புவதில்லை. தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது, யார் எந்த மரத்தில் ஏறினார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தோம், எல்லாம் வரும். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், எழுத்தும் பெரிதாக வராது. ஆனால் எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. தாடியில் வெள்ளை விழுகிறது. அந்த ஞாயிறுகளில் ஒன்றையாவது எழுதிவைப்போம் என்று தோன்றியது.

கடல் வந்தது ஒரு ஞாயிறு காலையில். அது திரும்பி வருவதென்றாலும் ஞாயிறு காலையில்தான் வரும் என்று நிந்தவூரில் எங்கள் பக்கத்து உம்மாமார் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் கடலை நம்பினார்கள். ஞாயிறு விடிந்தால் நம்பமாட்டார்கள். மிச்சமிருந்த நகையும் அடையாள அட்டையும் சேலைத் தலைப்பில் முடிச்சாக ஏறிவிடும். அடுப்பு மூட்டமாட்டார்கள், ஓடும்போது நெருப்பை யார் அணைப்பது? வேலியோரம் நின்று காற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவும் பயம்.

“மேற்கால போங்கடா மனே,” என்பார் என் உம்மா. “வெயில் நல்லா ஏறின பிறகு வாங்க. கிழக்கால திரும்பியும் பாக்கப்படாது.”

“நீங்க வரல்லையா உம்மா?”

“நானும் வந்தா வீட்ட ஆர் பாக்குற?”

வீடு என்று அவர் சொன்னது தறப்பாள் துணியைக் கூரையாகப் போட்ட ஒரு கொட்டிலை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடல் வந்தால் பிள்ளை தப்பவேண்டும், தான் கொட்டிலோடு போனாலும் பரவாயில்லை என்ற கணக்குத்தான் அது. எங்களுக்கு அப்போது அது விளங்கவில்லை. எங்களுக்கு அது விடுதலை. நாங்கள் ஓதப் போகும் மதரஸாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஞாயிறு காலை சும்மா கிடந்தது. கையில் சைக்கிளும் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நிவாரணமாகக் கொடுத்த சைக்கிள்கள், எல்லாம் ஒரே பச்சை, ஒரே சீற், ஒரே மணி. கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்தினால் யாருடையது எதுவென்று தெரியாது. நான் என்னுடையதில் உம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தேன். அந்தச் சைக்கிள் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. அதன் மணிச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது, தொண்டை கட்டிய கோழி மாதிரி.

நாங்கள் நாலு பேர். ஒருவன் நெல் குத்தும் மில்காரரின் மகன். வாய் மூடாதவன், நான் கதைக்காத பங்கையும் அவனே கதைப்பான். இன்னொருவன் மீன்காரரின் மகன். அவனுடைய வாப்பா விடியற்காலையில் கடற்கரையில் மீன் வாங்கி, சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். மூன்றாமவன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அவனுடைய தங்கச்சியைச் சுனாமி கொண்டுபோனது. அவனுக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை, என் கரியரில்தான் வருவான்.

பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எங்களுக்கு எங்கள் வீடுகளில் கட்டளை இருந்தது. அவனுக்கு முன்னால் கடல் என்ற சொல்லை எடுக்கக்கூடாது. தோணி, வலை, நீச்சல் ஒன்றும் கூடாது. மில்காரர் மகன் மிகவும் கஷ்டப்பட்டான். அவன் கடலுக்குக் ‘கிழக்கு’ என்று பெயர் வைத்தான். “நேத்து கிழக்கு சரியான இரைச்சல் மச்சான்,” என்பான். 

மீன் என்ற சொல்லும் கூடாது. அந்தக் காலத்தில் அது அவன் ஒருவனுக்கு மட்டுமான விலக்கல்ல. கரையோர ஊர்கள் எல்லாம் மீனை விட்டுவிட்டது நினைவிருக்கும். ஒரு மீனின் வயிற்றுக்குள் மோதிரத்தோடு விரல் கிடந்ததாம் என்று கதை. எங்கே என்று கேட்டால் நிந்தவூரில் பாலமுனை என்பார்கள். பாலமுனைக்காரர் கல்முனை என்பார்கள். கல்முனையில் கேட்டால் நிந்தவூர். கடல் மீன் ஹலால்தான், பயப்படாமல் தின்னுங்கள் என்று ஜும்மாவில் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முட்டை தின்றார்கள். கருவாடு வாங்கினால்கூட, “இது வெள்ளத்துக்கு முந்தினதா, பிந்தினதா?” என்று கேட்டார்கள். முந்தினது என்று சத்தியம் செய்த கடைக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

மீன்காரர் தினமும் பெட்டியோடு போனார், தினமும் பெட்டியோடு வந்தார்.

நான் சொல்லும் ஞாயிறு நெல் வேளாண்மை வெட்டுக் காலம். விடியும்போதே வைக்கோல் மணம் ஊருக்குள் வந்துவிடும். வீதியில் கூடியபோது மீன்காரர் மகன் சைக்கிளில் ஏறாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா, காத்துப் போய்ட்டா?” என்றான் மில்காரர் மகன்.

“நாளைக்கு நாங்க புத்தளத்துக்குப் போறம்.”

“எத்தின நாளைக்கு?”

“போறம் எண்டா போறம்தான். சாச்சா அங்க செங்கல் அறுக்கிற இடத்தில நிக்கிறார். வாப்பாவுக்கும் வேல இரிக்காம். எனக்கும் இரிக்காம்.”

 புத்தளம் எங்கள் தேசப்படத்தின் மறுபக்கம். போனவர்கள் வருவதில்லை. எங்கள் ஊரில் பெண்ணின் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வந்து இருப்பார், வீடும் வளவும் பெண்ணினுடையது. அந்த வளவை விட்டு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதென்றால், இனி இங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

“அப்ப இண்டைக்கு என்ட செலவு,” என்றான் மில்காரர் மகன் கடைசியில். “சம்மாந்துறைக்குப் போறம். மெதுவாப் போறம். ஆரும் முந்தப்படாது.”

மெதுவாகத்தான் போனோம். சந்தி வரைக்கும் வடக்கே போகவேண்டும், காலை வெயில் வலத் தோளில் விழும். எங்கள் நிழல்கள் நீளமாக எங்களுக்கு இடப்பக்கம் ஓடின. என் நிழலில் இரண்டு தலை.

காரைதீவுச் சந்திக்குக் கிட்ட ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண், இருந்தது. யுத்தம் நடந்த காலத்தில் அந்த இடம் வந்தால் யாரானாலும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, தாண்டிய பிறகுதான் ஏறவேண்டும். அந்த நாட்களில் சண்டை நின்றிருந்தது. அங்கே யாருமில்லை. மண் மூட்டை நாலும் ஒரு தகர பீப்பாவும் மட்டும். ஆனாலும் நாங்கள் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் போன பால்காரரும் இறங்கினார். பின்னால் வந்த ஆசிரியர் ஒருவரும் இறங்கினார். மில்காரர் மகன் பீப்பாவைப் பார்த்து, “அஸ்ஸலாமு அலைக்கும் ஐயா, நாங்க நல்ல புள்ளைகள்,” என்றான். ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் பார்த்து நடந்தார். பிறகு சண்டை மறுபடி தொடங்கி, ஒரேயடியாக முடிந்து, அந்த இடத்தில் ஒரு தொலைபேசிக் கடையும் வந்துவிட்டது. நான் இன்னும் அந்தக் கடைக்கு முன்னால் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

சந்தியால் மேற்கே திரும்பினால் இரண்டு பக்கமும் வயல். ஒரு பக்கம் வெட்டிய கட்டை, மறுபக்கம் தங்கம் போல வேளாண்மை. கொக்குகள் வெட்டுக்காரரின் பின்னாலேயே நடந்தன. வாய்க்கால் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் சேற்றில் கிடந்தது, இளஞ்சிவப்பு, கழுத்தில் மாட்டும் வாரோடு. கடல் அவ்வளவு தூரம் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தது. மில்காரர் மகன் சட்டென்று சைக்கிளை அந்தப் பக்கமாக விட்டு அதை மறைத்துக்கொண்டு ஓட்டினான். என் முதுகுக்குப் பின்னால் இருந்தவன் சொன்னான், “நான் பாத்திட்டன். மறைக்காத, விழப்போறாய்.” சொல்லி முடிய முன்னரே மில்காரர் மகன் விழுந்தான். வயல் சேற்றிலிருந்து எழும்பிய கோலத்தைப் பார்த்து மீன்காரர் மகன்கூடச் சிரித்துவிட்டான்.

சம்மாந்துறை ஊர் தொடங்க முன்னர் வீதியோரம் ஓலைக் கடை ஒன்று. எல்லோருக்கும் அக்கா முறையான ஒரு ராத்தா நடத்தினார். இடியப்பத் தட்டுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. வெட்டுக்காரர்கள் நீளப் பலகை வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். கடைக்கு வெளியே வாகை மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்ததும் மீன்காரர் மகன் பிரேக் பிடித்தான். பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேல் ஈரச் சாக்கு.

“எங்கட வாப்பாட சைக்கிள்.”

உள்ளே மூலையில் அவர் ஒரு பிளேன்டீயோடு இருந்தார். எங்களைக் கண்டதும் கோப்பையை மேசையில் வைத்தார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்தது முதல் சம்மாந்துறைத் தெருவெல்லாம் சுற்றியிருக்கிறார். கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களாவது வாங்குவார்கள் என்று கடைசியாக ஒரு முறை பார்க்க வந்திருக்கிறார். ஒருவரும் வாங்கவில்லை. ராத்தா மட்டும் மனம் கேளாமல் பாரை மீன் சில வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பாக ஆணம் காய்ச்சி, மேசையின் கரையில் மண்சட்டியை மூடி வைத்திருந்தார். அதை யாரும் திறக்கவில்லை என்பது மூடியில் படிந்திருந்த வீதித் தூசியிலேயே தெரிந்தது.

“வாங்க மனே, இரிங்க,” என்றார் ராத்தா. “இடியப்பம் சூடா இரிக்கி. பருப்பு, சம்பல், பாலாணம், முட்டை.”

சட்டியைச் சொல்லவில்லை. மில்காரர் மகனுக்கு அது பொறுக்குமா?

“அந்தச் சட்டிக்குள்ள என்ன ராத்தா?”

வெட்டுக்காரரின் தலைவர் போலிருந்த ஒருவர், மீசையில் இடியப்பத் துணுக்கோடு சிரித்தார். “அது பாக்கிறதுக்கு வெச்சிரிக்கிற தம்பி. தின்றதுக்கில்ல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மீன்காரர் சிரிக்கவில்லை. அவர் எங்களை எண்ணுவதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரனில் வந்ததும் முகம் மாறியது. சட்டென்று எழும்பி வந்து சட்டியைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்தார். ராத்தாவின் காதுக்கருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாக, “இந்தப் புள்ளைட தங்கச்சி மவுத்து, வெள்ளத்தில,” என்றார். வாங்குகளில் சிரிப்பு நின்றது.

“அத ஏன் எடுக்கீங்க?” என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

“ஒண்டுமில்ல மனே. நீ இரி. ராத்தா, புள்ளைகளுக்கு முட்டை பொரிச்சுக் குடுங்க.”

“எனக்கு அதுதான் வேணும்.”

“எது?”

“மீன் ஆணம்.”

கடையில் ஒருவரும் மெல்லவில்லை. ராத்தா அகப்பையைப் பிடித்தபடி நின்றார். “வேணாம் ராசா. ரெண்டு முட்டை பொரிச்சுத் தாறன். காசு வேணாம்.”

“வெள்ளம் வந்ததில இருந்து எங்கட வீட்டில முட்டைதான். எனக்கு முட்டை மணமே ஏலாது.”

“நான் தரமாட்டன்,” என்றார் மீன்காரர்.  “உன்ட உம்மாட மொகத்தில நான் எப்பிடி முழிக்கிற? என்ட மீன நான் ஒனக்குத் தாறல்ல. ஆருக்கும் குடுப்பன், ஒனக்குத் தரமாட்டன்.”

எத்தனை நாளாக ஒரு மீன் விற்க அலைந்த மனிதர். கேட்டு வந்த ஒரே ஒருவனுக்கு இல்லை என்றார். இரக்கம் என்றுதான் அதற்குப் பெயர். பெரியவர்கள் எல்லோரும் அந்த வருடம் முழுவதும் அவனுக்குக் காட்டிய இரக்கம் அதுதான், அவனிடம் ஒன்றும் கேளாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்து வைத்தது.

அவன் எழும்பவில்லை, சத்தம் போடவும் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“என்ட தங்கச்சி கடலுக்குப் போகல்ல. மாமிட வேலிக்குள்ளதான் கிடந்த. மறுநாள் எடுத்தம். மையவாடியில ரெண்டாவது வரிசையில இரிக்கா, நான் வெள்ளிக்கு வெள்ளி போறனான். வாப்பாவுக்கு எழும்ப ஏலாமப் போச்சு, நான்தான் மூண்டு பிடி மண்ணும் போட்ட. மீன் அவளத் தொடவே இல்ல. நீங்க எல்லாரும் என்னக் கண்டா மீன ஒளிக்கிறீங்க. மீன் என்ன செஞ்ச?”

 கதவோரம் இருந்த உழவு மெசின்காரர் தன் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். அவருடைய பெண்சாதி கரையோரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் வெள்ளத்தோடு போனவர், உடலும் கிடைக்கவில்லை என்று பிறகு ராத்தா சொன்னார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ராத்தா அவருக்கு ஒரு தேத்தண்ணியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, குனிந்து சட்டியை எடுத்து மேசையில் வைத்தார். மீன்காரரைப் பார்க்காமலே மூடியைத் திறந்தார்.

அந்த மணம்! மஞ்சளும் கொச்சிக்காயும் மாங்காய்ப் புளிப்பும் தேங்காய்ப் பாலும். எங்கள் வீடுகளில் இருந்து அது போய் எவ்வளவு காலம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் வாயில் தண்ணீர் ஊறியது. வெட்கமாகவும் இருந்தது.

அவன் பிஸ்மி சொல்லி, இடியப்பத்தை ஆணத்தில் நனைத்து, மீனில் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தான். மென்றான். மெல்ல அவ்வளவு நேரம் எடுக்கும் மீனல்ல அது. முழு வாங்கும் அவனுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினான். அடுத்த வாய் எடுத்தான். பிறகு முள்ளைப் பிரித்துத் தட்டோரம் வைத்தான். பிறகு தலையை எடுத்து உறிஞ்சத் தொடங்கினான். அந்தச் சத்தத்தில் ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் கொஞ்சம் போடுங்க,” என்றான் மில்காரர் மகன். “கண் இல்லாத பக்கமாப் போடுங்க. அது பாத்தா எனக்குப் பயம்.”

நானும் என் தட்டைத் தள்ளினேன். வாய் திறக்கவில்லை, தட்டு போதும்.

ராத்தா மீன்காரர் மகனின் தட்டுக்கு அகப்பையைக் கொண்டுபோனார். அவன் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டான்.

“ஐயோ வேணாம் ராத்தா. விக்காத மீனெல்லாம் எங்கட வயித்துக்குள்ளதான். மூண்டு நேரமும் மீன். எனக்கு முட்டை தாங்க!”

கடை வெடித்துச் சிரித்தது. மீன்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மகனுக்கு முதுகில் ஒரு அடி போட்டார். “கள்ளன். வீட்டில ஒண்டும் சொல்றதில்ல. இங்க வந்து ஊருக்குச் சொல்றான்.”

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். “ராத்தா, அதுல வால் துண்டு இரிக்கா?”

“அது பாக்கிறதுக்கு வெச்சிரிக்கிற,” என்றார் ராத்தா.

“சும்மா இரிங்க ராத்தா. போடுங்க.”

வால் போனது. பிறகு நடுத்துண்டுகள் போயின. கடைசியில் வந்த ஒருவர் ஆணத்தை மட்டும் ஊற்றச் சொன்னார். மீசைக்காரர் வெளியே வந்து சாக்கைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்து, வயல் வாடிக் குடிலில் சமைக்கிறதற்கென்று பெட்டியில் கிடந்த மீனையெல்லாம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டார். வெறும் பெட்டிக்குள் பனிக்கட்டித் தண்ணீர் மட்டும் ஆடியது. நாங்கள் நாலு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம்.

“அப்ப நாம போகல்லையா வாப்பா?” என்றான் மகன்.

 மீன்காரர் பெட்டியைச் சரித்துத் தண்ணீரை ஊற்றினார். “வெட்டு முடிஞ்சா இவங்க போயிருவாங்க மனே. இஞ்ச ஒரு நாளைக்கு வித்து என்ன? நம்மட ஊர் வாங்கோணும். நம்மட ஊர்ல ஆர் முதல்ல வாங்கப்போற? நாளைக்கு பஸ் இரிக்கி. போறம்தான்.”

திரும்பும்போது வெயில் முகத்தில் அடித்தது. யாரும் முந்தவில்லை. மில்காரர் மகனும் மீன்காரர் மகனும் எங்களுக்கு முன்னால் போனார்கள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பின்னால் இருப்பவனிடம் கேட்பது எனக்குச் சுலபம், முகம் தெரியாது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டேன்.

“உண்மையா ஆசையிலதான் தின்டயா? இல்ல, புத்தளம் போற இவனுக்காகவா?”

கரியர் கொஞ்சம் கிறீச்சிட்டது. அவன் இருப்பை மாற்றிக்கொண்டான்.

“முதல் வாய் இவனுக்காக,” என்றான். “மத்ததெல்லாம் எனக்கு.”

 பாதை இறக்கத்தில் மிதிக்காமலே சைக்கிள் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரனின் உம்மாவுக்குத் தெரிந்தால்? எங்களிடம் பொறுப்பாக விட்ட பிள்ளை. தகர வேலி ஓட்டையால் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கோப்பையைத் திருப்பி வாங்கும்போது அவனுடைய வலது கையைப் பிடித்தார். மீன் தின்ற கையை எவ்வளவு கழுவினாலும் மணம் உடனே போகாது. அவர் அந்தக் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிடித்துக்கொண்டே நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்ன மீன்?”

“பாரை உம்மா.”

“புளி போட்டா, மாங்காய் போட்டா?”

“மாங்காய்.”

“பாரைக்கு மாங்காய் சரிவராது. சூரைக்குத்தான் மாங்காய்.” அவர் கையை விடவில்லை. “வயித்தப் பிரட்டினதா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.

நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தது, அந்த வீட்டில் மீன் நுழையாததற்கு அவர்தான் காரணம் என்று. அவர் நினைத்திருந்தது, மகனுக்கு மணம் பட்டால் தாங்கமாட்டான் என்று. அவன் நினைத்திருந்தது, உம்மா தாங்கமாட்டார் என்று. ஒருவருக்காக ஒருவர் அத்தனை முட்டை தின்றிருக்கிறார்கள். அவன் வளர்ந்து கலியாணம் முடித்த பிறகு ஒருநாள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் மீன்காரர் குடும்பம் எங்கள் ஒழுங்கையால் வந்தது. பஸ் பிடிக்கப் பெரிய வீதிக்குப் போக அதுதான் கிட்டிய வழி. மீன்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் சட்டி பானை, மேலே துணி மூட்டைகள். பின்னால் அவருடைய பெண்சாதி முகத்தை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பின்னால் மகன், சுருட்டிய பாயைத் தோளில் வைத்துக்கொண்டு. நான் வேலிக்கு வெளியே வந்து நின்றேன்.  அவன் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தகரம் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரனின் உம்மா தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு சட்டியோடு ஒழுங்கைக்கு வந்து நின்று, மீன்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டார்.

“காக்கா, சூரை இரிக்கா?”

மீன்காரர் நின்றார். ஒழுங்கையில் அந்தச் சொல்லை யாரும் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு வீடு தள்ளி ஒரு தலை வேலிக்கு மேல் வந்தது. என் உம்மாவும் வெளியே வந்தார்.

“இண்டைக்கு நான் கடற்கரைக்குப் போகல்ல புள்ள,” என்றார் மீன்காரர். அவர் பெட்டியையும் மூட்டைகளையும் பார்த்தார், மறைக்க இடமில்லாதவர் போல. “இண்டைக்கு… வேற அலுவல்.”

“அப்ப நாளைக்கு?”

மீன்காரர் பெட்டிக்கு மேல் சரிந்த துணி மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

“நாளைக்குக் கொண்டு வாங்க. மகன் கேக்கிறான். மாங்காய் ஆய்ஞ்சு வெச்சிட்டன்.” அவர் சட்டியைச் சரித்துக் காட்டினார். உண்மையாகவே மாங்காய் இருந்தது.

“எங்களுக்கும் ஒரு துண்டு,” என்றார் என் உம்மா, என்னைப் பார்க்காமல்.

இரண்டு வீடு தள்ளி வேலிக்கு மேலிருந்த தலை சொன்னது, “எனக்கு நடுத்துண்டு காக்கா. தலை வேணாம்.”

மீன்காரர் தன் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தார். முக்காட்டுக்குள் இருந்து ஒன்றும் தெரியவில்லை. தலை மட்டும் மெதுவாக ஆடியது.

“ஓம் புள்ள,” என்றார் அவர். “நாளைக்குக் கொண்டு வாறன்.”

மீன்காரர் மகன் தோளில் இருந்த பாயை எடுத்து நிலத்தில் வைத்தான்.